கடலைக் கொல்லையில் தேசியப் பறவை

எங்கள் ஊரில் மயிலைக் கொல்ல வேண்டுமென்றால் எங்கள் அய்யாவிடம்தான் வருவார்கள். அய்யா என்றால் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், அம்மாவை ஆத்தா என்போம். அவர் வேட்டைக்காரர் இல்லை, துப்பாக்கியும் அவரிடம் கிடையாது. கிணறு ஒன்றும் கடலை போடுகிற செம்மண் கொல்லையும்தான் இருந்தன. மற்றவர்கள் அவரைத் தேடி வந்ததற்குக் காரணம், நாங்கள் வேதக்காரர்கள். ஆவூர்க் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் எங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு இருந்தன. மற்றவர்களெல்லாம் முருகனைக் கும்பிடுகிறவர்கள். விராலிமலை கூப்பிடு தூரம் மாதிரி. வருஷம் தவறாமல் பழனிக்கு நடப்பவர்களும் உண்டு. மயில் முருகனுடைய வாகனம். அதற்கு மருந்து வைக்க அவர்களுக்குக் கை வராது. ஆனால் முளைத்து வரும் கடலையை மயில் கிண்டிக் கிண்டித் தின்பதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"அண்ணே, ஒங்களுக்கு இதுல தோஷம் கிடையாது. நம்ம ரெண்டு பேரு கொல்லையும் ஒண்ணாத்தான கெடக்கு. ஒங்க வரப்புல வச்சா என் பக்கமும் வராது" என்பார் பக்கத்துக் கொல்லைக்காரர். நெற்றியில் விபூதியோடு நின்றுகொண்டுதான் சொல்வார். அய்யா தலையை ஆட்டுவார். பூச்சிமருந்தில் ஊற வைத்த கம்புத் தானியத்தை வரப்போரமாகத் தூவிவிட்டு வருவார். இரண்டு நாளில் மயில்கள் கிடக்கும். அவற்றைக் குழி தோண்டிப் புதைப்பதும் அய்யா வேலைதான். இறகை மட்டும் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

எனக்கு அப்போது இது தவறாகத் தெரியவில்லை. எலிக்கு மருந்து வைக்கிறோம், பூச்சிக்கு அடிக்கிறோம், அதுபோல இதுவும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். அண்ணன் எனக்கு மூன்று வயது மூத்தவன். அவன் பெரிய பையன்களோடு கொடி பிடித்துக்கொண்டு கீரனூர் வரைக்கும் நடந்தே போய்விட்டு வந்தான். "நேத்து வரைக்கும் ராஜா ஆளு, இன்னைக்கு இந்தியா ஆளாய்யா நாம?" என்று ஆத்தா கேட்டதும், "கெணத்துத் தண்ணி அதே தண்ணிதான்" என்று அய்யா சொன்னதும் ஞாபகத்தில் இருக்கின்றன. ராஜா காலத்தில் காடுகளுக்குக் காவல் இருந்தது, மயிலைத் தொட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எது எப்படியோ, நான் சின்னவளாக இருந்தபோது கிழக்கே நார்த்தாமலைப் பாறைகள் தெரியும் பக்கமெல்லாம் விடியற்காலையில் மயில் அகவும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தபோது அந்தச் சத்தம் மிகவும் குறைந்திருந்தது. காடு விறகாகப் போனது. மயிலெண்ணெய்க்காகப் பிடித்தவர்கள் உண்டு. மிச்சத்துக்கு எங்கள் அய்யாவும் அவர் போன்றவர்களும் இருந்தார்கள்.

அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்தது அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. "கொல்லையை யாரு பாக்குறது?" என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே ரயில் ஏறினான். மாதம் ஒரு கடிதம் வரும். சீனாக்காரன் சண்டை தொடங்கின பிறகு கடிதம் நின்றது. கார்த்திகை மாதம் ஒரு பகலில், நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தினார். வீட்டுக்குப் போகாமல் என்னிடம் வந்தார் என்றதும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தந்தி இங்கிலீஷில் இருந்தது. காணவில்லை என்பது அதன் சாரம். செத்துவிட்டான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை.

ஆத்தாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "காணலைன்னா தேடுறாங்கன்னுதான அர்த்தம்?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். சில வாரம் கழித்துப் பங்குச் சாமியார் வந்து, ஆத்துமத்துக்காக ஒரு பூசை வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆத்தா எழுந்து நின்றுகொண்டு, "உசுரோட இருக்குறவனுக்கு வைக்கிற பூசையா வைங்க சாமி" என்றாள். அவர் அப்படியே வைத்தார்.

அய்யா பேச்சைக் குறைத்துக்கொண்டார். மார்கழியில் இறவைக் கடலை விதைத்ததும் வழக்கம்போல மருந்துக் கம்பு தூவினார். யாரும் கேட்காமலேயே தூவினார், வழக்கத்தைவிட அதிகமாகவும் தூவினார். நாலு மயில் விழுந்தன. அவற்றில் ஒன்று தோகை நிறைந்த ஆண். அதை அவர் ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனதைப் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் பார்த்தார்கள். தோகை மண்ணில் இழுபட்டுக்கொண்டே போனது.

எங்கள் தலைமை ஆசிரியருக்குப் பத்திரிகை ஒரு நாள் தாமதமாகப் பஸ்ஸில் வரும். தை மாதக் கடைசியில் ஒரு நாள் அவர் பத்திரிகையை மடித்துப் பிடித்துக்கொண்டு என் வகுப்புக்குள் வந்தார்.

"டீச்சர், மயிலை நம்ம தேசியப் பறவைன்னு அறிவிச்சுட்டாங்க. சுவர்க் கரும்பலகையில கலர் சாக்பீஸ்ல பெருசா ஒரு படம் போட்டுடுங்க. சண்டை நடந்து பிள்ளைங்க மனசெல்லாம் சோர்ந்து கெடக்கு. கொஞ்சம் தெம்பா இருக்கும்."

"மயிலைக் கொல்லக் கூடாதுன்னு சட்டம் எதுவும் வந்திருக்கா சார்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அதெல்லாம் போடல. பேரு மட்டுந்தான் வந்திருக்கு" என்றார்.

நான் ஒரு மணி நேரம் படம் போட்டேன். நீலமும் பச்சையும் போதாமல் அடுத்த வகுப்பிலிருந்து கடன் வாங்கினேன். கீழே 'நமது தேசியப் பறவை மயில்' என்று எழுதி, பிள்ளைகளைச் சேர்ந்து படிக்கச் சொன்னேன். நம் நாட்டில் எத்தனை பாஷை பேசினாலும் எல்லோருக்கும் இந்த ஒரு பறவைதான் என்றேன். இதைப் பார்த்தால் நாம் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று ஞாபகம் வர வேண்டும் என்றேன். அண்ணனை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள். பக்கத்துக் கொல்லைக்காரருடைய மகள். கெட்டிக்காரி.

"டீச்சர், ஒங்க அய்யா மருந்து வச்சுக் கொன்னாரே, அது இந்தப் பறவைதானா டீச்சர்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. சந்தேகம் வந்தது, கேட்டாள். வகுப்பு முழுவதும் என் முகத்தைப் பார்த்தது. வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். பிள்ளைகளிடம் பொய் சொல்லிவிட்டு மறுநாள் எப்படி அங்கே நிற்பது?

"ஆமா, இதுதான்" என்றேன்.

"அப்ப அது தப்பா டீச்சர்?"

"வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றேன். ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை.

சாயங்காலம் அய்யா கிணற்று மேட்டில் மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். போன உடனே சொல்லிவிட்டேன். பத்திரிகையில் வந்ததையும், அந்தப் பெண் கேட்டதையும், நான் ஆமாம் என்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அடிக்க மாட்டார், ஆனால் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நெலக்கடலை நாம திங்குறதுக்கா, அது திங்குறதுக்கா?"

"நாம திங்கத்தான்யா."

"பின்ன என்ன? முருகன் வாகனம்னாங்க. அது அவுங்க சாமி, நமக்கு ஒண்ணுமில்லேன்னு இருந்தேன். அவுங்களே வந்து நீ வையின்னாங்க, வச்சேன்." மாட்டின் முதுகைத் தடவினார். "தேசத்துப் பறவைன்னா, அது யாருக்குச் சொந்தம்?"

"எல்லாருக்கும்."

"எனக்குமா?"

"ஒங்களுக்கும்தான்யா."

அவர் மாடுகளைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பாதி தூரம் போன பிறகு, திரும்பாமலேயே, "எம்மவன் அந்த தேசத்துக்காகத்தான் போயிருக்கான்" என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம், தப்புதான், எங்கள் அய்யாவுக்கும் எனக்கும் அது தெரியாமல் இருந்தது என்று சொன்னேன். அவள் சரி டீச்சர் என்று உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் முடியவில்லை.

மாசியில் பக்கத்துக் கொல்லைக்காரர் வந்தார். மயில்கள் எல்லாம் போய்விட்டன என்று நினைத்தால், ஒரு ஆணும் இரண்டு பொட்டையும் மிஞ்சிக் கம்மாய்க்கரைப் புதரிலிருந்து வந்து போகின்றனவாம். இன்னும் ஒரு தடவை தூவினால் தீர்ந்துவிடும் என்றார்.

"இனிமே நான் வைக்கல" என்றார் அய்யா.

"என்னண்ணே, திடீர்னு?"

"வேணும்னா நீ வையி."

"நான் எப்புடி வைக்கிறது? மாலை போட்டவன்."

"அப்ப நீயும் வைக்காத" என்றார் அய்யா. பக்கத்துக் கொல்லைக்காரர் சிரித்துவிட்டார். "சரி, தகரத்தத் தட்டுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அய்யா என்னிடம் ஒரு சங்கதி சொன்னார். அவர் இளவட்டமாக இருந்த காலத்தில், பொட்டல் வெளியில் மயிலைவிட உயரமாக ஒரு பறவை நடந்து போகுமாம். நீண்ட கழுத்து. தரையோடு தரையாகவே திரியும், ஆளைக் கண்டால் நின்று பார்க்கும். கானமயில் என்பார்களாம். "அது எந்த வருசம் இல்லாமப் போச்சுன்னு இப்பக் கேட்டா எவனுக்கும் தெரியாது. ஒரு நாளு யோசிச்சாத்தான், அடடா பாத்து எத்தனை வருசமாச்சுன்னு தோணுது" என்றார். அவர் பறவையைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் ஆத்தா சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சித்திரையில் கடலை பிடுங்குகிற சமயம். கொல்லை மூலையில் இருந்த காரைப் புதருக்குள் ஒரு பொட்டை மயில் முட்டையிட்டு வருவதை அய்யா பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. கூலிக்கு வந்த பெண்களை அந்த மூலைக்குப் போக விடாமல், அதைத் தானே பிடுங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். அவருக்கு அங்கே தனியாக என்ன வேலை என்று ஆத்தா கேட்டதற்கு, முள்ளு கிடக்கிறது என்றார். அவருடைய ரகசியம் பத்து நாள்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் அவர் துண்டில் எதையோ முடிந்து, அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"நேத்துத்தான் அடைக்கு ஒக்காந்துச்சு, ராத்திரி நரி அடிச்சிருச்சு. தாயி போயிருச்சு. இதுக மட்டும் கெடந்துச்சு" என்று துண்டைப் பிரித்தார். பாலாடை நிறத்தில் ஐந்து முட்டைகள். "தொட்டுப் பாரு. இன்னும் சூடு இருக்கு."

எங்கள் வீட்டில் ஒரு செவலைக் கோழி அன்றைக்குத்தான் அடைக்கு உட்காரத் தவித்துக்கொண்டு திரிந்தது. ஆத்தா பழைய கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு முட்டைகளை வைத்தாள். சும்மா வைக்கவில்லை. மயில் முட்டை பொரிக்காவிட்டால் கோழியின் பாடு வீணாகுமே என்று நாலு கோழி முட்டையையும் சேர்த்து வைத்தாள். கோழி ஏறி உட்கார்ந்து, முட்டைகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

அய்யா அடுத்த நாளே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார். மாட்டாஸ்பத்திரிக்குப் போய், மயில் முட்டை எத்தனை நாளில் பொரிக்கும் என்று கேட்டிருக்கிறார். டாக்டர் ஏன் கேட்கிறீர்கள் என்றதற்கு, "எங்க ஊர்ல ஒரு ஆளு கேக்கச் சொன்னாரு" என்றாராம். டாக்டர் சிரித்துவிட்டு, கோழிக்கு இருபத்தொரு நாள், மயிலுக்கு இருபத்தெட்டு நாள் என்று சொல்லியிருக்கிறார். குஞ்சு பொரித்தால் கரையான் கொடுக்கச் சொல்லுங்கள் என்றும் சொல்லியனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் சீனாக்காரன் பிடித்து வைத்திருந்த ஆட்களை விடுகிறான் என்று பத்திரிகையில் வரத் தொடங்கியது. தலைமை ஆசிரியர் பத்திரிகையை முதலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தான் படிப்பார். பெயர்கள் எதுவும் இருக்காது, எண்ணிக்கைதான் இருக்கும். வீட்டில் நான் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். ஆத்தா ஜெபமாலையை எண்ணிக்கொண்டிருந்தாள். அய்யா கூடைக்கு நேரே உட்கார்ந்து கயிறு திரித்தார்.

இருபத்தொன்றாம் நாள் கோழிக் குஞ்சுகள் வந்தன. நாலில் மூன்று. கோழிக்கு அதோடு வேலை முடிந்தது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இறங்கப் பார்த்தது. ஆத்தா மயில் முட்டை ஒன்றை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.

"கூமுட்டைய்யா இது. சத்தமே இல்ல. கோழியை விட்டுருங்க."

"ஆட்டாத" என்று அய்யா பதறிப்போனார். "இன்னும் ஏழு நாளு இருக்கு. எறங்க விடாத."

குஞ்சுகளை அடுப்படிக்குள் ஒரு சாக்கில் வைத்துக் கதவைச் சாத்தினோம். கோழியைக் கூடையில் அமுக்கிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே கல்லை வைத்தார் அய்யா. அது உள்ளே நின்றுகொண்டு கத்தியது. குஞ்சுகள் இந்தப் பக்கம் கத்தின. வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வைக்கிறீங்களே" என்று திட்டினாள். சாயங்காலமாகத்தான் கோழி அலுத்துப்போய் முட்டைமேல் உட்கார்ந்தது.

மறுநாள் தந்தி வந்தது. தபால்காரர் இந்த முறை தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். நான் படித்து முடிப்பதற்குள் ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் உயிரோடு இருக்கிறான், ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், வருகிற வெள்ளிக்கிழமை திருச்சி ஸ்டேஷனுக்கு வருகிறான். அவ்வளவுதான் இருந்தது. அதைத் தமிழில் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. அய்யா தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுதது எனக்குத் தெரிந்து அன்று ஒரு நாள்தான். பக்கத்துக் கொல்லைக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வேண்டிக்கிட்டிருந்தேண்ணே, ஒங்ககிட்ட சொல்லல" என்றார்.

வெள்ளிக்கிழமை அய்யா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலைத் தாண்டியவர் திரும்பி வந்து, "கோழிக்குத் தண்ணி வைக்கிறப்ப மட்டும் தெறந்து விடு. அஞ்சு நிமிஷத்துல அமுக்கிரு" என்று என்னிடம் சொன்னார்.

"மகன் வாரான், இந்த மனுசனுக்குக் கோழிக் கவலை" என்றாள் ஆத்தா. ஆனால் அன்று முழுவதும் பஞ்சாரத்தை எட்டி எட்டிப் பார்த்தவள் அவள்தான்.

அண்ணன் வந்து இறங்கியபோது ஊர் முழுவதும் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது. கோயில் பேண்டு வந்திருந்தது. அளவுக்குப் பெரிய கோட்டுக்குள் மிகவும் சுருங்கிப் போயிருந்தான். இடது காலில் விரல்கள் இல்லை. பனியில் கருகிப்போனதை வெட்டி எடுத்திருந்தார்கள். மாலையைப் போட்டபோது கூச்சத்தோடு குனிந்துகொண்டான். ஆத்தா அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மண்ணில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேண்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இருபத்தெட்டாம் நாள் முட்டை பொரியவில்லை. இருபத்தொன்பதாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அய்யா வாயில் விரலை வைத்து என்னை நிற்கச் சொன்னார். ஒரு முட்டையில் சின்ன ஓட்டை. அதற்குள் ஒரு அலகு. மறுநாள் காலைக்குள் நாலு குஞ்சுகள் வந்துவிட்டன. ஐந்தாவது உண்மையிலேயே கூமுட்டை. கோழிக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏழு குஞ்சுகளையும் தன் பிள்ளை என்றே கூட்டிக்கொண்டு திரிந்தது. அய்யா பழைய கலயத்தில் சாணியும் கந்தல் சாக்கும் வைத்துக் கொல்லையில் கவிழ்த்து வைப்பார். காலையில் அதில் கரையான் அப்பியிருக்கும். அதை உதறிக் கொட்டினால் குஞ்சுகள் ஓடிவரும்.

அண்ணன் இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாலைந்து நாள் கழித்துத்தான் வாயைத் திறந்தான்.

"இதை யாரு வளக்கச் சொன்னது? நம்ம கடலையைத் தின்னுட்டுப் போறதுக்கா?"

அய்யாவுக்கு முகம் விழுந்துவிட்டது. கையிலிருந்த கலயத்தை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. ஆனால் காயத்தோடு வந்திருப்பவனிடம் என்ன சொல்ல முடியும்?

தலைமை ஆசிரியர் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். பிள்ளைகளுக்கு நாட்டுப்பற்று பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார். அவன் மயில் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பனி எப்படி இருக்கும், காலில் பூட்ஸ் ஈரமானால் என்ன ஆகும் என்று சொன்னான். பயமாக இருந்ததா என்று ஒரு பிள்ளை கேட்டது. இருந்தது என்றான். அங்கே மயில் உண்டா என்று இன்னொரு பிள்ளை கேட்டதற்கு, "அங்கிட்டுக் காக்காகூட இல்ல" என்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். அவர் எதிர்பார்த்த பேச்சு அது இல்லை.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, காலை இழுத்து இழுத்து வைத்துக்கொண்டு, அவன் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"சீனாக்காரன் கேம்ப்ல நாங்க ரெண்டு பேரு பக்கத்துப் பக்கத்துலதான் படுத்திருப்போம். அவன் ராஜஸ்தான்காரன். எனக்கு இந்தி அரைகுறை, அவனுக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது. ஊர்க்கதையத்தான் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டிருப்போம். ஒரு நாளு அய்யா மருந்து வச்சு மயிலைக் கொல்றதைச் சொன்னேன். சும்மா, ஊர்ச் சேதியாத்தான் சொன்னேன். அவன் ஊர்ல மயிலைத் தொடவே மாட்டாங்களாம். அன்னைக்கு முழுக்க அவன் என்கூடப் பேசல. எனக்கு அங்க பேச்சுத்துணைன்னு இருந்தது அவன் ஒருத்தன்தான்."

"அப்புறம்?"

"மறுநாளு பேசிட்டான். அவன் ரொட்டியில பாதியைப் பிச்சு என்கிட்ட நீட்டுனான். மயிலைப் பத்தி மட்டும் பேசுறதில்ல." சிறிது தூரம் போனதும் சொன்னான்: "இங்க வந்து பாத்தா அய்யா மயிலுக்குக் கரையான் போட்டுக்கிட்டு இருக்காரு. எனக்கு என்னமோ ஆத்திரமா வந்திருச்சு. நான் இல்லாதப்ப எல்லாம் மாறிப்போச்சுங்குற மாதிரி."

"இதை அய்யாகிட்ட சொல்லேன்."

"சொல்றேன்" என்றான். சொன்னானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் காலை கலயத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனவன் அவன்தான்.

நாலு குஞ்சுகளில் ஒன்றைக் கீரி கொண்டுபோனது. மூன்று தேறின. ஆடி விதைப்பு வந்தபோது அண்ணனால் ஏர் பிடிக்க முடியவில்லை. காவலுக்கு உட்கார்ந்தான். இரண்டு கொல்லைக்கும் சேர்த்து ஒரு பரண் கட்டி, அதில் தகர டின்னோடு இருப்பான். வளர்த்த மயில்களையே விரட்ட வேண்டியிருந்தது. டின்னைத் தட்டினால் மற்ற பறவைகள் பறக்கும், இவை மூன்றும் சோறு போடப்போகிறான் என்று அவனை நோக்கி ஓடிவரும். பக்கத்துக் கொல்லைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். "தம்பி, நீ தட்டாம இருந்தாத்தான் நம்ம கடலை பொழைக்கும்" என்பார். இரண்டு கொல்லையிலும் அந்த வருஷம் விளைச்சல் குறைந்துதான் போனது. அய்யா முணுமுணுத்தார், மயில்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். மருந்துப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

பிறகு எனக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கல்யாணமாகி நான் போய்விட்டேன். லீவுக்குத்தான் வருவேன். மூன்றாவது வருஷம் ஒரு லீவில் வந்திருந்தபோது, மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு மத்தியானம், அண்ணன் பரணிலிருந்து கூப்பிட்டான். மூன்றில் ஒன்று ஆண். அதற்கு அந்த வருஷம்தான் தோகை நிறைந்திருந்தது. எங்கள் கிணற்று மேட்டில், ஆறேழு நாட்டுக்கோழிகளுக்கு முன்னால், தோகையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. கோழிகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. தண்ணீர் இறைக்கிற கமலை வடத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அய்யா, "எனக்கு வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை நின்று பார்த்தார். ஆத்தா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தோகையை மடக்கிக்கொண்டு அது ஒரு முறை அகவியது. கம்மாய்க்கரைப் புதரிலிருந்து இன்னொரு குரல் பதில் கொடுத்தது. எங்கள் மற்ற இரண்டும் கண்ணெதிரே கொல்லையில்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

"அங்கிட்டும் ஒண்ணு இருக்கு போலய்யா" என்றான் அண்ணன்.

"இருக்கட்டும்" என்றார் அய்யா. பிறகு பச்சையாகப் படர்ந்திருந்த கடலையை ஒரு பார்வை பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இதுக பெருகுனா நமக்கு ஒரு காயும் மிஞ்சாது. வர்ற வருசம் இந்த மேட்டுப் பக்கம் இதுக கிண்டித் திங்காத முந்திரிக் கன்னு வச்சிருவமா?"

"வச்சிருவம்" என்றான் அண்ணன். மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் வீட்டுக்குள் ஓடினோம்.